டன்கர்க்கில் இந்தியர்கள் இருந்தார்களா, படத்தில் இல்லாதது தப்பா?

உங்கள் கேள்வியை முதலில் இங்கே சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் வசதியாக இருக்கும். "டன்கர்க் படத்தில் ஒரு இந்திய முகம்கூட இல்லை, இது வரலாற்று மோசடி என்கிறார்கள். 1917 படத்தில் ஒரே ஒரு சீக்கியரைக் காட்டியதும், இது அரசியலுக்காகத் திணித்தது என்கிறார்கள். உண்மையில் நம்மவர்கள் அங்கே இருந்தார்களா? இருந்திருந்தால் காட்டியே ஆக வேண்டுமா?" இதுதானே கேட்டீர்கள். (டன்கர்க் என்பது வட பிரான்சில் ஒரு துறைமுக ஊர், 1940இல் ஜெர்மானியர் சுற்றிவளைத்த நேச நாட்டுப் படைகளைக் கப்பலில் மீட்ட இடம், படம் அதைப் பற்றியது. 1917 முதல் உலகப் போர்ப் படம்.) இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. இருந்தார்களா என்பது ஆவணத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது, அதற்கு ஓரளவு நல்ல பதிலே இருக்கிறது. காட்டியே ஆக வேண்டுமா என்பதற்கு என்னிடம் இருப்பது அபிப்பிராயம்தான், யாரும் அதை ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ரெண்டையும் குழப்புவதால்தான் முக்கால்வாசிச் சண்டை நடக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரலாறு படித்துவிட்டு, பதினாலு வருஷமாக ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு லண்டனில் பழைய கோப்பு, போட்டோ, ஃபிலிம் தேடிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்துக்குள் பேனா கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான். மேஜையில் ஸ்பாஞ்ச் திண்டு வைத்து, அதன் மேல் கோப்பைக் குழந்தை மாதிரி படுக்கவைத்துத்தான் பக்கம் புரட்ட வேண்டும். போர் நாட்குறிப்பு எல்லாம் ஒரே மாதிரி அச்சடித்த படிவம், இடம், தேதி, நேரம், நடந்தது என்று கட்டம் போட்டிருக்கும். பெரும்பாலான நாள் 'நடந்தது' கட்டத்தில் ஒன்றுமே இருக்காது, மழை, ரேஷன் வந்தது, அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தில் பேசுகிறேன். சினிமா விமர்சகன் இல்லை, படை உத்தி தெரிந்தவனும் இல்லை.

சரி, டன்கர்க். 1939 செப்டம்பரிலிருந்து பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் படை முழுக்க மோட்டார் மயமானது, குதிரையை ஒழித்துவிட்டோம் என்று அவர்களுக்கு அதில் ஒரு பெருமை. அந்தக் குளிர்காலச் சேற்றிலும் பனியிலும் லாரி போகாத இடம் நிறைய என்று புரிந்ததும் இந்தியாவிடம் கோவேறு கழுதை கேட்டார்கள். பம்பாயிலிருந்து டிசம்பரில் கப்பல் ஏறி, 1939 டிசம்பர் 26 அன்று மார்செய் துறைமுகத்தில் இறங்கியது கே6 என்று பெயர் வைத்த ஒரு படை. நான்கு கம்பெனி, சுமார் 1,800 ஆட்கள், கிட்டத்தட்ட 2,000 கோவேறு கழுதைகள். இவர்கள் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட வந்தவர்கள் இல்லை, இந்திய ராணுவத்தின் சர்வீஸ் கோர் என்ற போக்குவரத்து, விநியோகப் பிரிவைச் சேர்ந்தவர்கள், சாமான் சுமப்பதுதான் வேலை. பெரும்பாலும் பஞ்சாப், வடமேற்கு எல்லைப் பகுதி முஸ்லிம்கள். இது எதிலும் சந்தேகம் இல்லை, கோப்பு இருக்கிறது, போட்டோ இருக்கிறது, பதக்கப் பட்டியல் இருக்கிறது. மௌலா தாத் கான் என்ற ஜமேதார் (இளநிலை இந்திய அதிகாரி), தரையிலிருந்து குண்டும் வானத்திலிருந்து விமானத் தாக்குதலும் வரும்போது தன் ஆட்களையும் விலங்குகளையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்ததற்காக இந்திய சிறப்புச் சேவைப் பதக்கம் வாங்கினார். நான்கு கம்பெனியில் ஒன்று அப்படியே ஜெர்மானியர் கையில் சிக்கிப் போர்க்கைதியானது.

'நம்மவர்கள்' என்று எழுதியிருந்தீர்களே, அங்கே மட்டும் லேசாகக் குறுக்கிடுகிறேன். தமிழர்கள் இந்தக் கதையில் இல்லை. வீர இனம், வீரமில்லாத இனம் என்று ஆட்களைப் பிரித்து வைத்திருந்த பிரிட்டிஷ்காரன் சென்னை மாகாணத்தில் ஆள் எடுப்பதை எப்போதோ குறைத்துவிட்டிருந்தான். கே6 ஆட்களின் ஊர்களில் பெரும்பகுதி இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது. இவர்களை ஏழு எட்டுப் பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு பிரிட்டன் மட்டும் காரணமில்லை. 1947க்குப் பிறகு இந்தியாவுக்கு இவர்கள் 'அந்த நாட்டு ஆட்கள்', பாகிஸ்தானுக்கு இவர்கள் 'வெள்ளைக்காரனுக்குச் சுமை தூக்கியவர்கள்'. ரெண்டு வீட்டிலும் கல்யாணப் பத்திரிகை வைக்காத சொந்தக்காரர் மாதிரி ஆகிப்போனார்கள்.

படத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட நாள் 1940 மே 28. அன்று மேஜர் முகமது அக்பர் கான் என்ற இந்திய அதிகாரி 299 பேரை நடத்திக்கொண்டு டன்கர்க் கடற்கரைக்கு வந்தார். பின்னாளில் பாகிஸ்தான் ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆனவர் இவர்தான். கழுதைகளை விட்டுவிட்டு வரச் சொல்லி உத்தரவு, விட்டுவிட்டார்கள். விலங்கைப் பிள்ளை மாதிரி வளர்த்த டிரைவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் (கழுதைக்காரரை அந்தப் படையில் டிரைவர் என்றுதான் சொல்வார்கள், வண்டியோட்டி என்று நினைத்துவிடாதீர்கள்).  நடு ராத்திரியில் கிழக்கு அலைத்தடுப்பில் ஏறிக் கப்பல் பிடித்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். படம் பார்த்தவர்களுக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். கடலுக்குள் நீளமாக ஓடும் குறுகலான பாலம் மாதிரி ஒன்று, அதன் மேல் ஆயிரக்கணக்கான பேர் தோளோடு தோள் உரசி நின்றுகொண்டு, விமானச் சத்தம் கேட்டதும் அப்படியே குனிவார்களே, அதேதான். படத்தின் மூன்று இழைகளில் ஒன்றுக்கு அந்த அலைத்தடுப்பின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உண்மையான மீட்பிலும் ஆட்கள் அதிகமாக ஏறியது மணலிலிருந்து இல்லை, அங்கிருந்துதான், இரண்டு லட்சம் பேர் அளவுக்கு.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் எதிர்த்தரப்பு முதலில் தூக்குவது அதைத்தான். மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கர்க்கிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 3,38,000 பேருக்குக் கொஞ்சம் மேலே. அதில் இந்தியர் 300. ஆயிரத்துக்கு ஒருவர்கூட வராது. கதையோ ஒரு வாரத்தில் ஒரு சாதாரணப் பிரிட்டிஷ் சிப்பாய்ப் பையன் கண்ணில் படுவதைச் சொல்கிறது. அவன் அந்த வாரத்தில் ஒரு தலைப்பாகையைக்கூடப் பார்க்காமல் போயிருக்க முடியுமா? தாராளமாக முடியும், பெரும்பாலானவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் 'இந்தியரைக் காட்டாதது மோசடி' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மோசடி என்றால் இருந்ததை இல்லை என்று சொல்ல வேண்டும். இந்தப் படம் அப்படிச் சொல்லவில்லை, கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். திரும்பியிருந்தால் நல்ல சினிமாவாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் இதே கணக்கை பிரெஞ்சுக்காரர்களுக்குப் போட்டால் படம் நன்றாகவே மாட்டிக்கொள்கிறது. இந்தியரைப் பற்றி இவ்வளவு சண்டை போடும் நம் ஆட்கள் இதைத் தொடுவதே இல்லை என்பதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மீட்கப்பட்டவர்களில் சுமார் 1,23,000 பேர் பிரெஞ்சுச் சிப்பாய்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கடைசி நாட்களில் ஊரைச் சுற்றி நின்று ஜெர்மானியரைத் தடுத்துப் பிடித்தவர்களும் அவர்கள்தான். ஜூன் 4 காலையில் கப்பல் கிடைக்காமல் 35,000 பேருக்கு மேல் கைதானதும் அவர்கள்தான். லீல் நகரத்தில் வேறு பல டிவிஷன்கள் மே 28லிருந்து 31 வரை முற்றுகைக்குள் நின்று சண்டை போட்டு, ஜெர்மன் படையின் ஒரு பகுதியை டன்கர்க் பக்கம் வரவிடாமல் கட்டிப்போட்டு வைத்தன. அவற்றில் மொராக்கோ, அல்ஜீரிய ஆட்கள் நிறைந்த வட ஆப்பிரிக்க டிவிஷன்களும் உண்டு. அப்படியென்றால் டன்கர்க்கின் கதையில் 'வெள்ளையர் அல்லாதவர்' யார் என்று கேட்டால் முதல் பதில் நம் கழுதைக்காரர்கள் இல்லை, பிரெஞ்சுக் காலனிகளிலிருந்து வந்தவர்கள். படத்தில் பிரெஞ்சுக்காரர் கூட்டத்தில் ஓரிரு கறுப்பு முகம் வந்து போகிறது, அதோடு சரி. தொடக்கத்தில் மணல் மூட்டைத் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் பிரெஞ்சுக்காரர்களை நாயகன் தாண்டி ஓடுகிறான். அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்றவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று படம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் படத்துக்கு அநியாயம். கிப்சன் என்ற பாத்திரத்தைக் கவனித்தீர்களா? செத்துப்போன பிரிட்டிஷ் சிப்பாயின் உடுப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வரும் பிரெஞ்சுக்காரன். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வான் என்பதால் பெரும்பாலும் பேசுவதே இல்லை. ஓட்டை விழுந்த படகில் எடையைக் குறைக்க யாரை வெளியே தள்ளுவது என்று வரும்போது, நீ ஏன் பேச மாட்டேன் என்கிறாய், நீ ஜெர்மன் ஒற்றன்தானே என்று அவனைப் பிடிக்கிறார்கள். கடைசியில் மூழ்கிச் சாகிறான். யாருக்குப் படகில் இடம், யாருக்கு இல்லை என்ற கேள்வி இயக்குநருக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். அலைத்தடுப்பில் பிரெஞ்சுக்காரரைத் தடுத்து நிறுத்துவதையும் காட்டுகிறார். அது நடந்ததுதான், மே 31 அன்று பாரிசில் நடந்த கூட்டத்தில் சர்ச்சில் இனி இரண்டு நாட்டாரும் கைகோத்து ஏறட்டும் என்று சொன்ன பிறகே நிலைமை மாறியது. எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த பாத்திரம் கிப்சன். அதே சமயம் 1,23,000 பேருக்கு ஒரே ஒரு ஆள், அவனும் இங்கிலீஷ் உடுப்பில், ஊமையாக.

லாஸ்கர்கள் பற்றி உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் லாஸ்கர், பெரும்பாலும் தெற்காசிய மாலுமிகள், இது உறுதியானது. அதனால் டன்கர்க் கப்பல்களிலும் நான்கில் ஒருவர் இந்தியர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தாவல். லாஸ்கர்கள் இருந்தது தூர தேசம் போகும் கப்பல்களில், எஞ்சின் அறையிலும் தளத்திலும். டன்கர்க்குக்கு வந்த வணிகக் கப்பல்களில் அதிகமும் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் பயணிக் கப்பல்கள், மீன்பிடிப் படகுகள், கடற்கரை ஊர்களின் சிறு படகுகள். அவற்றின் ஆட்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். விதிவிலக்கு உண்டு, கிளான் மக்கலிஸ்டர் என்ற பெரிய சரக்குக் கப்பல் மே 29 அன்று அங்கே குண்டு வாங்கியது. அந்தக் கம்பெனி இந்தியாவுக்குக் கப்பல் விட்டது, லாஸ்கர்களை வேலைக்கு வைத்ததும் ஊரறிந்தது. அதனால் அங்கே லாஸ்கர்கள் இருந்திருக்க நல்ல வாய்ப்பு என்று சொல்லலாம். நான்கில் ஒருவர் என்று சொல்லக் கூடாது. நம் பக்க நியாயத்துக்காக ஒரு எண்ணை ஊதிப் பெருக்கினால், எதிராளி அந்த ஒன்றைக் குத்தி உடைத்துவிட்டு மிச்ச உண்மையையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான், இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது 1917க்கு வாருங்கள். கதை நடப்பது 1917 ஏப்ரல் 6. ஜெர்மானியர் பின்வாங்கி, ஹிண்டன்பர்க் கோடு என்ற தங்கள் தற்காப்பு அரணுக்குப் போன சமயம். நாயகன் ஏறும் லாரியில் பிரிட்டிஷ் சிப்பாய்களோடு தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிரிட்டிஷ் நடிகர் இதைத் திணிப்பு என்று சொல்லி, ஊரே சிரித்து, அப்புறம் சீக்கியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டது சரிதான், ஆனால் 'சீக்கியர்கள் அந்தப் போரில் இருந்தார்கள், படம் சரி' என்று அதோடு கதையை முடித்துவிட்டார்கள், நான் அங்கே முடிக்க மாட்டேன். 1914 இலையுதிர் காலத்தில் லாகூர், மீரட் டிவிஷன்கள் மார்செயில் இறங்கின, 1915 மார்ச்சில் பிரான்சின் நவ் ஷபேல் தாக்குதலில் பங்கெடுத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இந்தியக் கோரின் ஆட்கள். எல்லாம் உண்மை. ஆனால் 1915 கடைசியில் இந்தியக் காலாட்படையைப் பிரான்சிலிருந்து எடுத்து மெசபொடேமியாவுக்கு (இன்றைய இராக்) அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது குதிரைப்படை, 1918 தொடக்கம் வரை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குதிரைப்படை சரியாக இந்தப் படம் காட்டும் பின்வாங்கலைத் துரத்திக்கொண்டு போனது. 1917 மார்ச் கடைசியில் பெரோன் பக்கத்துக் கிராமங்களைப் பிடித்த ஐந்தாவது குதிரைப்படை டிவிஷனில் இந்திய ரெஜிமென்ட்கள் இருந்தன, கனடாக்காரர்களோடு சேர்ந்து. அதாவது அந்த மாதம் அந்த வட்டாரத்தில் சீக்கியரைக் காட்ட ஒரு இயக்குநருக்குக் கை நிறைய ஆதாரம் இருந்தது. அவர்களைக் குதிரை மேல் காட்டியிருக்கலாம். காட்டியது எப்படி? பிரிட்டிஷ் காலாட்படை லாரியில் தன்னந்தனியாக, டைட்டிலில் 'சிப்பாய்' என்ற பட்டத்தோடு. குதிரைப்படை வீரனுக்கு சவார் என்றுதான் பட்டம், சிப்பாய் என்பது காலாட்படைக்கு. கூட வைத்த பெயரும் எந்தச் சீக்கியர் வீட்டிலும் கேட்ட பெயராக இல்லை. ஆள் சரி, காலம் சரி, உட்காரவைத்த இடம் தப்பு. தனியாக வழி தவறி ஒருவர் லாரியில் ஏறியிருக்கவே முடியாதா என்று கேட்டால், முடியும், போர்க்களத்தில் எல்லாம் நடக்கும். ஆனால் அந்தக் காட்சி அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று யோசித்துச் செய்தது போல எனக்குத் தெரியவில்லை.

இடத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், அந்த ராணுவமே இடத்தை வைத்துத்தான் ஆட்களைப் பிரித்தது. 1917 படத்துக்குத் தூண்டுதலாக இருந்த, அதன் இயக்குநரின் தாத்தா டிரினிடாட் தீவில் பிறந்தவர், போர்த்துகீசிய வம்சாவளி. அவரால் பிரிட்டிஷ் ரைஃபிள் பிரிகேடில் சேர முடிந்தது. அதே தீவிலிருந்து வந்த கறுப்பர்களைப் பெரும்பாலும் தனியாக பிரிட்டிஷ் மேற்கிந்திய ரெஜிமென்ட்டில் போட்டு, பிரான்சில் பீரங்கிக் குண்டு சுமக்க விட்டார்கள். நவ் ஷபேலில் பஞ்சாபியும் கூர்க்காவும் வெள்ளையனும் ஒரே தாக்குதலில் செத்தார்கள், ஆனால் ஒரே பிளட்டூனில் இல்லை, ஒரே சமையலில் இல்லை. எல்லாரையும் ஒரே லாரியில் ஏற்றிச் சிரிக்கவைத்தால் பார்க்க நன்றாக இருக்கிறது, அந்தப் பாகுபாடு மட்டும் காணாமல் போய்விடுகிறது. விட்டுவிடுவதும் மறைப்பு, இப்படிச் சேர்ப்பதும் கொஞ்சம் மறைப்புதான்.

இன்னொன்றும் இருக்கிறது, என் வேலையில் தினமும் இடிப்பது. இயக்குநர்களும் உடை வடிவமைப்பாளர்களும் பழைய போட்டோவை வைத்துத்தான் காட்சி அமைக்கிறார்கள். அந்தப் போட்டோவே அப்போதே வடிகட்டியதுதான். 1915இல் பிரான்சில் இந்தியச் சிப்பாய்களை எடுத்த புகழ்பெற்ற படங்களில் பல, முன்னணிக்குப் பின்னால் செய்து காட்டச் சொல்லி எடுத்தவை. பிரைட்டன் அரண்மனையில் காயம்பட்ட இந்தியருக்கு ஆஸ்பத்திரி நடத்தினார்களே, அதன் படங்கள் ஏராளம், ஏனென்றால் அவை பிரசாரத்துக்கு உதவின. எனக்கே ஒரு தடவை ஆயிற்று. ஒரு தயாரிப்பாளர் பிரைட்டன் புல்வெளியில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் காட்டி, இதை அகழிக் காட்சிக்குப் போட்டுக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். பின்னால் கொட்டாங்கச்சி மாதிரி கும்பம் கும்பமாக மண்டபம் நிற்கிறது, அதை வெட்டிவிட்டால் போச்சாம். நான் கையெழுத்துப் போடவில்லை, அந்த வேலையும் போயிற்று. 1944இல் பாரிஸை விடுவித்தபோது நுழைய வேண்டிய பிரெஞ்சு டிவிஷன் வெள்ளையர் மட்டுமே உள்ளதாக இருக்கட்டும் என்று நேச நாட்டுத் தலைமையகம் விரும்பியது எழுத்திலேயே இருக்கிறது. (கடைசியில் முதலில் உள்ளே போன கம்பெனியில் பெரும்பாலோர் ஸ்பெயின்காரர்கள், அது தனிக் கூத்து.) அந்த ஊர்வலத்தின் ஃபிலிமை ஆதாரமாக வைத்து இன்றைக்கு ஒருவர் படம் எடுத்து, 'நான் ஆவணத்தில் இருப்பதைத்தான் காட்டினேன்' என்றால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு முன்னாலேயே வேறொருவர் காஸ்டிங் முடித்துவிட்டார்.

அதனால் எழுத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, குறிப்பாகத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து மொழிபெயர்த்து வைத்த சிப்பாய்களின் கடிதங்களை. தணிக்கை இருப்பது தெரிந்து சங்கேதமாக எழுதினார்கள். இந்தியாவிலிருந்து வந்த கறுப்பு மிளகு தீர்ந்துபோய்விட்டது, இப்போது சிவப்பு மிளகைப் போடுகிறார்கள் என்று ஊருக்கு எழுதினால், எங்கள் ஆட்கள் செத்துத் தீர்ந்தார்கள், இனி வெள்ளைக்காரர்கள் என்று அர்த்தம். தணிக்கைக்காரருக்கும் அது புரிந்துதான் இருந்தது, குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்.

படத்தில் முகம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, நிஜத்தில் ஏதாவது மாறப் போகிறதா என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது 2006இல் வந்த இன்டிஜென் என்ற பிரெஞ்சுப் படம். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்ட வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. அதில் நடித்த ஐந்து பேருக்கும் சேர்த்து கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். அது முக்கியமில்லை. காலனி நாடுகளின் முன்னாள் வீரர்களுக்கான பென்ஷனை பிரான்ஸ் 1959லேயே உறைய வைத்திருந்தது. ஒரே சண்டை, ஒரே காயம், ஆனால் பிரெஞ்சுக்காரனுக்கு ஏறிக்கொண்டே போகும், மொராக்கோக்காரனுக்கு அப்படியே நிற்கும். வழக்கு, போராட்டம் எல்லாம் ரொம்ப நாளாக நடந்தது. அந்தப் படம் வெளியான வாரத்தில்தான் அப்போதைய பிரெஞ்சு அதிபர் சிராக்கின் அரசு சுமார் 80,000 பேருக்கு அந்தத் தொகைகளைச் சமமாக்குவதாக அறிவித்தது. படம் மட்டுமே காரணம் என்று சொன்னால் வழக்கு நடத்தியவர்களுக்குத் துரோகம், படத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். அதில் ஆட்களை எங்கிருந்தோ கொண்டுவந்து திணிக்கவில்லை, அவர்கள் நின்ற இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனார்கள்.

ஆக, காட்டியே ஆக வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை என்பதுதான் என் பதில். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படம், எல்லாரையும் காட்ட முடியாது. ஆனால் காட்ட மாட்டேன் என்பதற்குக் காரணம் 'அவர்கள் அங்கே இல்லை' என்பதாக இருந்தால், அதைச் சொல்பவர் கோப்பைத் திறக்கவில்லை. அவர்கள் இருந்ததே தெரியாமல் விடுபட்டுப்போனால் அது சோம்பல். பெரும்பாலான படங்களில் நடப்பது இந்தச் சோம்பல்தான், சதி எல்லாம் இல்லை. என்னிடம் யாராவது டன்கர்க் படத்துக்கு ஆலோசனை கேட்டிருந்தால் வசனம் எதுவும் வேண்டாம், அடையாளத்துக்கு ஒரு இந்தியப் பாத்திரம் நாயகனோடு சிநேகமாவதும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வரிசையில் நிற்கும் பையன் திரும்பிப் பார்க்கிறான். மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் கயிறு அவிழ்த்துவிட்ட கழுதைகள் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கின்றன. ராத்திரி அலைத்தடுப்பில் தலைப்பாகை கட்டிய முன்னூறு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். யார் என்று அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். பத்து விநாடி போதும். செலவு என்று பார்த்தால் முப்பது ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், ஏழெட்டுக் கழுதை.